அரச வைத்தியசாலை இருக்கையில் தனியார் மருத்துவக் காப்புறுதி தேவையா?

கேள்வி: நான் கொக்குவிலில் வசிக்கும் ஆசிரியை, வயது 51. கடை நடத்தும் என் கணவருக்கு வயது 54, நீரிழிவு உண்டு. என் சம்பளத்தில், அரச ஊழியர்களுக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதிக்குப் பணம் கழிக்கப்படுகிறது. தனியார் மருத்துவக் காப்புறுதியும் எடுக்குமாறு ஒரு முகவர் வற்புறுத்துகிறார். அரசு இலவசமாகத் தரும் சிகிச்சையுடன் தனியாரால் போட்டியிட முடியுமா?

பதில்: பெரிய நோய் என்று வரும்போது முடியாது என்பதே என் கணிப்பு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையோ தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையோ உங்கள் கணவரின் வயதையும் பழைய நோயையும் காரணங்காட்டி அவரைத் திருப்பி அனுப்புவதில்லை. அச்செலவை வரி செலுத்தும் முழு நாடும் சுமக்கிறது. தனியார் நிறுவனமோ, நோயுள்ளவர்களே கூடுதலாக வந்து சேர்ந்தால் தன் நிதி தாங்காது என்பதால், முன்பிருந்த நோயை விலக்கியும், சேர்ந்த பின் சிறிது காலம் பணம் தராத காத்திருப்புக் காலம் வைத்தும், வயது ஏற ஏறக் கட்டுப்பணத்தை உயர்த்தியுமே நடக்க முடியும். அதாவது, உங்கள் கணவருக்கு எது மிகத் தேவையோ அதிலேயே காப்பு மெலிந்துவிடும்.

தனியார் காப்புறுதி உண்மையில் தருவது விரைவும், தனி அறையும், விரும்பிய வைத்தியரும்தான். அவையும் பெறுமதியுள்ளவையே. ஆனால் இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது குடும்பங்களை வருத்தியது மருந்தகத்திலும் பரிசோதனை நிலையத்திலும் கையிலிருந்து கொடுத்த பணம். பல காப்புறுதிகள் வைத்தியசாலை விடுதியில் அனுமதிக்கப்பட்டால் மட்டுமே பணம் தருவதால், மாதாந்த நீரிழிவு மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் அவை உதவுவதில்லை.

அக்ரஹாரவும் 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் அரச காப்புறுதியே. அதில் உங்கள் கணவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை முதலில் உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டறியுங்கள். ஒரே வைத்தியசாலைக் கட்டணப் பட்டியலுக்கு இரு இடங்களிலும் முழுப்பணம் பெற முடியாது.

என் ஆலோசனை, கட்டுப்பணமாகப் போகவிருக்கும் தொகையை வேறு தேவைக்குத் தொடாத தனிச் சேமிப்புக் கணக்கில் மாதந்தோறும் இடுவதே. அதற்கு மேலும் வசதியிருந்து காப்புறுதி எடுப்பதானால், எந்த வயது வரை புதுப்பிப்பார்கள், நீரிழிவால் வரும் இருதய, சிறுநீரகப் பாதிப்புகளுக்குப் பணம் தருவார்களா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தில் நீரிழிவைக் குறிப்பிட வேண்டாம் என்று முகவர் சொன்னால் கையொப்பமிடாதீர்கள். மறைத்த நோய் பின்னர் தெரியவந்தால், ஆண்டுக்கணக்காகக் கட்டுப்பணம் செலுத்தியிருந்தாலும் உங்கள் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.