துவைத்த பிறகு குவில்ட்டில் பஞ்சு மூலைக்கு ஓடிவிடுகிறது – பதில்

குவில்ட்டை, அதாவது இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த போர்வையை, முழுசாகப் பிரிக்க வேண்டாம். பஞ்சை நீவிச் சமப்படுத்திவிட்டு, 4 அங்குலத்துக்கு ஒன்றாக மூன்று அடுக்கையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள்.

ஓரத்தையும், நடுவில் அடிக்கொரு கோடும்தான் தைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். உதிரிப் பஞ்சுக்கு அந்த இடைவெளி ரொம்ப அதிகம். ஈரத்தில் கனம் ஏறியதும் சரிந்து திரண்டுவிடும்.

முதலில் ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் பஞ்சு இல்லை. பக்கத்துக் கட்டியை விரலால் கசக்கிப் பாருங்கள். கலைந்தால் தள்ளி நிரப்பலாம். கலையாவிட்டால் ஓரத்தில் ஒரு சாண் பிரித்து, கட்டியை வெளியே எடுத்துப் பிய்த்து, திரும்ப உள்ளே வைக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

முடிச்சுக்குத் தடித்த பருத்தி நூல், இரட்டை இழை. மேலிருந்து குத்தி, கால் அங்குலம் தள்ளி மேலே எடுத்து, ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் முடியுங்கள். நுனியை அரை அங்குலமாவது விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் அவிழும். இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும். கோடு போட்டு அளப்பதெல்லாம் தினம் புழங்கும் போர்வைக்கு அநாவசியம், கண்ணளவே போதும்.

கைக்குழந்தைக்கான போர்வை என்றால் மட்டும் முடிச்சு வேண்டாம். வாயில் வைத்து இழுக்கும், நெருக்கமாகத் தையலே ஓட்டிவிடுங்கள்.