நாபா, சொனோமா: மூடுபனியும் பழைய பீப்பாயும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃப்ரீமான்ட்டில் சில வருடங்களாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கோல்டன் கேட் பாலத்துக்கு அடுத்தபடியாக நாபாவுக்குத்தான் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். போனால் ஒரு மாளிகை, கோப்பையின் அடியில் நாலு மடக்கு, தலைக்கு எழுபது எண்பது டாலர், திரும்பும்போது சாலை முழுக்க நெரிசல். இதில் விளம்பரம் எவ்வளவு, சரக்கு எவ்வளவு?

இன்னொன்று. பக்கத்துச் சொனோமாவில் பியர் தயாரிப்பவர்கள் நிறையப்பேர் குவிந்திருக்கிறார்கள். திராட்சை விளையும் ஊரில் பியருக்கு என்ன வேலை? செப்டம்பர் கடைசியில் மதுரையிலிருந்து நண்பர் குடும்பம் வருகிறது. இரண்டு பேர் சுத்த சைவம், ஒருவர் மதுவைத் தொடுவதே இல்லை. எப்படித் திட்டமிடலாம்?

ஆர். எஸ்., ஃப்ரீமான்ட்

அன்புள்ள ஆர். எஸ்.,

விளம்பரம் நிறையவே உண்டு. ஆனால் மாளிகையையும் கட்டணத்தையும் தள்ளிவைத்துவிட்டு, கோடைக்காலக் காலை ஏழு மணிக்கு நாபாவின் தென்முனையில் போய் நின்று பாருங்கள். எதிரில் இருக்கும் கொடி தெரியாத அளவுக்கு மூடுபனி இருக்கும். அந்த ஊரின் முதல் மூலதனம் அதுதான்.

கலிஃபோர்னியக் கரையோரக் கடல் கோடையிலும் குளிர்ந்தே இருக்கிறது. உள்நாட்டிலோ மத்தியப் பள்ளத்தாக்கு நாற்பது டிகிரி வரை கொதித்து, காற்று மேலே கிளம்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று கோல்டன் கேட் வழியாகவும் பெட்டலூமாவை ஒட்டிய மலை இடைவெளி வழியாகவும் உள்ளே பாய்கிறது. நாபா சுமார் 48 கிலோமீட்டர் நீளமுள்ள, எட்டு கிலோமீட்டர்கூட அகலமில்லாத பள்ளத்தாக்கு. மேற்கே மயாகமஸ் மலை, கிழக்கே வாக்கா மலை, தெற்கே சான் பாப்லோ விரிகுடா. மூடுபனி தெற்கு வாசலில் நுழைந்து வடக்கே போகப்போக மெலிகிறது. அதனால் இங்கே வடக்கே போனால் வெயில் கூடும். தென்முனையில் கார்னரோஸ் 26, 27 டிகிரியில் இருக்கும் பிற்பகலில், ஒரு மணி நேரத்துக்குள் காரில் எட்டிவிடும் கலிஸ்டோகாவில் 34 டிகிரி அடிக்கும். கார்னரோஸில் குளிர் கேட்கும் பினோ நுவார், ஷார்டனே திராட்சை வகைகளையும், ஓக்வில், ரூதர்ஃபோர்டு தொடங்கி வடக்கே கேபர்நே சோவின்யோன் வகையையும் நட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

இரவுக் குளிர் எதற்கு? பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறுகிறது. இரவும் சூடாக இருந்தால் பழம் தன் மாலிக் அமிலத்தை எரித்துத் தீர்த்துவிடும். தோலின் துவர்ப்பும் விதையும் முற்றுவதற்குள் புளிப்பு போய்விடும். பிறகு டார்டாரிக் அமிலத்தை மூட்டையிலிருந்து கொட்டிச் சரிசெய்ய வேண்டும். இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும் இடத்தில் பழம் கொடியிலேயே காத்திருக்க முடியும். காசு கொடுத்து வாங்க முடியாத வசதி அது.

அதுவும் சில வருடம் கைவிடும். 2022 செப்டம்பர் தொடக்கத்தில் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. அந்தச் சூட்டில் கொடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், பழம் வற்றும். சர்க்கரை அளவு ஏறியதாகக் கருவி காட்டும். உண்மையில் குறைந்தது தண்ணீர்தான். பழச்சாற்றின் சர்க்கரை அளவான பிரிக்ஸைச் சுமார் 0.58-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும். 25 பிரிக்ஸ் என்றால் 14.5, 28 என்றால் 16-க்கு மேல். அங்கே பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் திணறி நின்றுவிடும். மிச்சமான சர்க்கரையைப் பாக்டீரியா தின்னத் தொடங்கினால் தொட்டி காடி வாசம் அடிக்கும். அனுபவசாலிகள் அறுவடையை இரவு இரண்டு மணிக்கு வைப்பார்கள். சாற்றில் ஈஸ்ட்டுக்கான நைட்ரஜன் போதுமா என்று முதலிலேயே சோதித்துக்கொள்வார்கள். அது குறைந்தால் ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பி முன்கூட்டியே எச்சரிக்கும்.

விலைக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவின் ஒயின் திராட்சையில் நாபாவின் பங்கு ஏறத்தாழ 4 சதவீதம்தான். நிலப்பரப்பும் இனி அதிகரிக்க வழியில்லை. 1968-இல் மாவட்ட நிர்வாகம் பள்ளத்தாக்கை விவசாயக் காப்பு நிலமாக அறிவித்து, மனை போட முடியாதபடி செய்துவிட்டது. 1990-இல் வந்த இன்னொரு விதிப்படி, புதிய ஒயின் ஆலைகள் முக்கால் பங்கு திராட்சையையாவது நாபா மாவட்டத்திலேயே வாங்க வேண்டும். இந்த இரண்டு விதிகளும் கைகொடுக்க, 2022-இல் ஒரு டன் கேபர்நேயின் சராசரி விலை 8,000 டாலருக்கு மேலே போனது. ஒரு டன்னில் சுமார் 720 பாட்டில் தேறும். பாட்டிலுக்குப் பழம் மட்டும் 11 டாலர். புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் 1,000 டாலருக்கு மேல். 225 லிட்டர் கொள்ளும், அதாவது 300 பாட்டில். அங்கே மூன்று டாலருக்கு மேல். டன் விலையை நூறால் வகுத்தால் பாட்டில் விலை என்பது இத்தொழிலில் பழைய கணக்கு; 80 டாலர் வருகிறது. ஆகவே 80 டாலர் பாட்டிலில் ஏமாற்று அதிகமில்லை. 300 டாலர் பாட்டிலில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் பெயரைத்தான்.

அந்தப் பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 1976 மே 24-இல் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பாரிஸில் பிரெஞ்சு, கலிஃபோர்னிய ஒயின்களை மோதவிட்டு நடத்திய பெயர் மறைத்த சுவைப்போட்டி. வெள்ளையில் ஷத்தோ மொன்டெலீனாவின் 1973 ஷார்டனே, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 கேபர்நே; இரண்டும் நாபா ஆலைகள், இரண்டுக்கும் முதலிடம். நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

புதிதாகத் தொழில் தொடங்குபவரை நாபாவுக்கு இழுப்பது இந்தப் பெயரைவிட அங்குள்ள அக்கம்பக்கம் என்பது என் எண்ணம். சொந்தத் தோட்டமோ ஆலையோ இல்லாமலே ஒயின் செய்யலாம். பழத்தை டன் கணக்கில் வாங்கி, கூலிக்குப் பிழிந்து புளிக்க வைத்துத் தரும் ஆலையில் இறக்கலாம். சாற்றைச் செயின்ட் ஹெலீனாவில் உள்ள ஆய்வகத்துக்குக் கொடுத்துச் சோதிக்கலாம். பாட்டிலில் அடைக்கும் இயந்திரம் லாரியில் ஏறி வாசலுக்கே வரும். ஒரு மணி நேரத் தொலைவில் டேவிஸ் பல்கலைக்கழகம். ஒயினையும் பியரையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கிறது. அந்தப் பல்கலைக்கழகமும் சறுக்கியதுண்டு. அது பரிந்துரைத்த ஏஎக்ஸ்ஆர்1 என்ற ஒட்டு அடிச்செடி நல்ல மகசூல் கொடுத்தது, ஆனால் பாதி ஐரோப்பியக் கொடியின் வாரிசு. வேரைத் தின்னும் ஃபைலாக்சரா பூச்சியை ஐரோப்பியக் கொடி தாங்காது. 1980-களில் அந்தப் பூச்சி இந்த அடிச்செடியையும் சாய்க்கவே, பெரும்பகுதித் தோட்டங்களைப் பிடுங்கி மறுபடி நட வேண்டியதாயிற்று.

இனி பியர். சொனோமாவில் பியருக்கு வேர் இல்லை என்று நினைக்க வேண்டாம். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ரஷ்யன் நதிக்கரையில் பெருமளவு பயிரானது. ஈரக்காற்றில் அடிச்சாம்பல் நோய் தாக்கியது. சாகுபடி வறண்ட வாஷிங்டன் மாநில யாக்கிமாவுக்கு நகர்ந்தது. ஹீல்ட்ஸ்பர்க் அருகே வெஸ்ட்சைட் சாலையில் ஹாப்ஸ் உலர்த்தும் பழைய சூளைக்கூடம் ஒன்று இன்றும் நிற்கிறது. பாரிஸ் போட்டி நடந்த அதே 1976-இல்தான் ஜாக் மெக்காலிஃப் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சிறு பியர் ஆலையைத் தொடங்கினார். அமெரிக்காவின் சிற்றாலை இயக்கத்துக்கு அதுவே முன்னோடி, 1982-இல் மூடிவிட்டது. ரஷ்யன் ரிவர் ப்ரூயிங் என்ற பியர் ஆலையைத் தொடங்கியதே கோர்பெல் என்ற நுரை ஒயின் நிறுவனம்தான், 1997-இல். பின்னர் அதன் பியர் வல்லுநர் வின்னி சிலுர்சோவும் அவர் மனைவி நேடலியும் பெயரை வாங்கி, 2004-இல் சாண்டா ரோசாவில் கடை திறந்தார்கள்.

பியர்காரர்களுக்கு ஒயின் ஊர் கொடுக்கும் பொருள், பழைய பீப்பாய். மூன்று நான்கு அறுவடைக்குப் பின் ஓக் தன் வாசத்தை இழந்துவிடும். ஒயின்காரர் அதை மலிவாகக் கழிப்பார். புளிப்பு பியர் செய்பவருக்கு வேண்டியதோ அதுதான்: மர வாசம் போய், ஒயின் ஊறி, காற்றைத் துளித்துளியாக விடும் பாத்திரம்.

வாங்கும்போது மூடியைத் திறந்து மூக்கை வைத்துப் பார்ப்பது முதல் வேலை. ஒயின் வாசம் வந்தால் எடுக்கலாம். காடியோ நகப்பூச்சு நெடியோ வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். மரத்துக்குள் இறங்கிய அதைக் கழுவி எடுக்க முடியாது. கந்தகம் எரித்துக் காயவைத்த பீப்பாயில் பலகைகள் சுருங்கியிருக்கும். வெந்நீர் ஊற்றி, ஒரு தலைப்பக்கம் ஓர் இரவு, மறுபக்கம் ஓர் இரவு நிற்க வைத்தால் ஊறி இறுகும். அதைச் செய்யாமல் நேரே பியரை நிரப்பினால் தரை குடிக்கும். கொதிநீரில் பலமுறை அலசினால் ஒயின் மணமும் சேர்ந்து போய்விடும் என்பதால் அங்கே நிதானம் வேண்டும்.

எஃகுத் தொட்டியில் முதல் நொதிப்பு முடிந்த பியரைப் பீப்பாய்க்கு மாற்றி, பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டையும், புளிப்பு தரும் லாக்டோபாசில்லஸ், பீடியோகாக்கஸ் பாக்டீரியாக்களையும் சேர்ப்பார்கள். சில மாதத்தில் பியர் எண்ணெய்போலக் கொழகொழத்து வெண்ணெய் வாசம் அடிக்கலாம். அது பீடியோகாக்கஸின் வேலை. புதியவர்கள் பயந்து கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கொட்டக் கூடாது, பிரெட்டனோமைசிஸ் மெல்ல மெல்ல அதைத் தின்று தெளியவைக்கும். மேலே படரும் வெள்ளை ஏடு காற்றைத் தடுக்கும் கவசம். அதைக் கலைக்காமல் மாதிரி எடுக்க, பீப்பாயின் முகப்பலகையில் மெல்லிய துளையிட்டு எஃகு ஆணி அடித்துவைப்பார்கள். ஆணியை உருவினால் ஒரு கோப்பை பாயும், பிறகு மறுபடி அடித்துவிடலாம். சிலுர்சோ பரப்பிய உத்தி என்பதால் அந்த ஆணிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மரத்தின் வழி ஆவியாகிக் குறையும் அளவைக் கவனிக்காமல் விட்டால் மேலே காற்று நிறைந்து பியர் காடியாகும்.

ரஷ்யன் ரிவரின் பியர்களில் டெம்ப்டேஷன் ஷார்டனே பீப்பாயிலும், சப்ளிகேஷன் புளிச்செர்ரியுடன் பினோ நுவார் பீப்பாயிலும், கான்ஸக்ரேஷன் கருந்திராட்சை வற்றலோடு கேபர்நே பீப்பாயிலும் ஊறுபவை. அப்படி ஊறிய பீப்பாயை எந்த ஒயின்காரரும் திரும்ப வாங்க மாட்டார். பிரெட்டனோமைசிஸ் ஒயினில் புகுந்தால் குதிரை லாயமும் மருந்துப் பிளாஸ்திரியும் மணக்கும். பியர் ஆலைகளும் குழாய், வளையம் எல்லாவற்றையும் இதற்கென்று தனியாக வைத்துக்கொள்கின்றன. மற்றபடி, நல்ல ஒயின் செய்ய நிறைய பியர் வேண்டும் என்பது அங்கே அறுவடைக் கூலிகளிலிருந்து முதலாளி வரை சொல்லும் பேச்சு.

உங்கள் பயணம். செப்டம்பர் கடைசி அறுவடை உச்சம், பார்க்க அதைவிட நல்ல நேரமில்லை. செவ்வாய் அல்லது புதன் போங்கள். 1990 விதிக்குப் பின் வந்த ஆலைகளுக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாது. 29-ஆம் நெடுஞ்சாலை செயின்ட் ஹெலீனாவில் திணறும். அதற்கு இணையாகக் கிழக்கே போகும் சில்வராடோ டிரெயிலில் வடக்கே ஏறி, குறுக்குச் சாலைகளில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் இரண்டு ஆலை போதும். ஐந்து வகை, ஒவ்வொன்றும் 45 மில்லி என்றால் 225 மில்லி, 14.5 சதவீத ஒயினில் அது சுமார் 26 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு முழுக் கோப்பை, அதுவும் ஓர் ஆலையில் மட்டும். மேசையில் துப்புவதற்கென்றே பாத்திரம் இருக்கும், கூச்சப்படாமல் துப்பலாம். காரைக் குடிக்காத நண்பர் ஓட்டட்டும், நன்றிக்கு அவரைக் கலிஸ்டோகாவின் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போங்கள். 21 வயதுக்குட்பட்டவர்களை விடாத ஆலைகள் உண்டு, குழந்தைகள் வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். மல்லிகைப் பூவும் அத்தரும் அன்று வேண்டாம். பக்கத்து மேசைக்காரருக்கும் சேர்த்து மூக்கு அடைபடும்.

சைவக்காரர்கள் ஒன்று கேட்க வேண்டும்: எதைக் கொண்டு தெளியவைத்தார்கள் என்று. சிவப்பு ஒயினின் துவர்ப்பைத் தணிக்கப் பீப்பாய்க்குச் சில முட்டைகளின் வெள்ளைக்கரு சேர்ப்பது பழைய வழக்கம். வெள்ளை ஒயினில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையும் ஜெலட்டினும் பயன்படும். அவை வண்டலோடு அடியில் தங்கிவிடும் என்றாலும் பலருக்கு அது சம்மதமில்லை. பென்டோனைட்டால் தெளியவைத்தது என்றால் கவலையில்லை, அது வெறும் களிமண். தெளியவைக்காமலே, வடிகட்டாமலே அடைப்பவர்களும் உண்டு. பாட்டிலில் எழுதியிருக்காது, கேட்டால் சொல்வார்கள்.

அது காட்டுத்தீ மாதமும்கூட. 2020-இல் கிளாஸ் தீ மூண்டது செப்டம்பர் 27-இல். புகையில் உள்ள குவையகால் என்ற வேதிப்பொருள் பழத்தோலில் சர்க்கரையோடு கட்டுண்டு ஒளிந்திருக்கும். சாற்றை முகர்ந்தால் தெரியாது, நொதித்த பின்னும் வாயில் எச்சில் பட்ட பின்னும்தான் சாம்பல் ருசி வெளிவரும். அந்த வருடக் கேபர்நேயைச் சிலர் வெளியிடவே இல்லை. 2020 பாட்டிலைச் சுவைக்காமல் வாங்காதீர்கள்.

எனக்கு ஒரு நாள்தான் இருந்தால் காலையில் நாபாவில் ஓர் ஆலை, மாலையில் சாண்டா ரோசாவில் சப்ளிகேஷன். வாங்கிய பாட்டிலை நிறுத்திய காரில் விட்டுப் போக வேண்டாம், ஒரு பிற்பகல் சூட்டில் தக்கை பிதுங்கி ஒயின் வெந்துவிடும். நண்பர்கள் மதுரைக்கு எடுத்துப்போவதானால் இந்தியச் சுங்கம் தலைக்கு இரண்டு லிட்டர் வரைதான் தீர்வையின்றி விடும். ஆளுக்கு 750 மில்லி பாட்டில் இரண்டு. மூன்றாவது வேண்டுமென்றால் அரைப் பாட்டிலாகக் கேளுங்கள்.