கொழுந்து வாட்டிய மாடியில் வீடு வாங்கலாமா?

கேள்வி: நான் அட்டன் பக்கத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். மூடிக்கிடந்த பழைய தேயிலை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஒன்றை ஒருவர் எடுத்து, மேல்மாடிகளைத் தடுத்து ஆறு வீடுகளாக்கியிருக்கிறார். அதில் ஒன்றில் பிள்ளையுடன் ஒரு வருடமாக மாத வாடகைக்கு இருக்கிறோம். வீட்டை 99 வருடத்துக்கு எழுதித் தருவதாகச் சொன்னதால் 18 இலட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தோம். முத்திரை ஒட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். போன மாதம் தோட்ட நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து, “இது கம்பனிக் காணி, சுவர் கிவர் எழுப்பக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். இவரோ மீதி 40 இலட்சத்தை உடனே கட்டுங்கள், இல்லாவிட்டால் காலி பண்ணுங்கள் என்கிறார். வாங்கலாமா? கொடுத்த காசு திரும்பக் கிடைக்குமா?

பதில்: சகோதரி, முதல் வேலையாக, மீதிக் காசில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

என் அப்பா ஸ்டோரில் இராவேலை பார்த்தவர். நீங்கள் படுத்துறங்கும் அந்த மாடியில்தான் சாக்குத் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். காற்று ஓட வேண்டும் என்பதற்காகவே சுவர் நீளத்துக்கும் ஜன்னல் வைத்தான் வெள்ளைக்காரன். இன்றைக்கு அதே ஜன்னலைக் காட்டி ‘வியூ’ என்று விலையைக் கூட்டுகிறார்கள். ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் மாடியைப் பார்த்திருக்கிறீர்கள், அது நிற்கிற மண்ணைப் பார்க்கவில்லை.

1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒரு ஆளுக்கு 50 ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டக் காணியை அரசுக்கு எடுத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் போயின. 1992இல் அரசு இவற்றைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தபோது விற்கவில்லை, குத்தகைக்குத்தான் விட்டது. அந்தக் குத்தகைகள் பெரும்பாலும் 53 வருடம், அதாவது 2045 வரை. கம்பனியிடமே இன்னும் சுமார் இருபது வருடம்தான் மிச்சம் இருக்கும்போது, அதனிடமிருந்து ஸ்டோரை எடுத்திருந்தாலும் உங்கள் வீட்டுக்காரர் 99 வருடம் எங்கிருந்து தருவார்? தன்னிடம் இல்லாததை ஒருவர் கொடுக்க முடியாது. கம்பனி உள்குத்தகை கொடுப்பதென்றாலும், பொற்பங்கை (அரசுக்கு விசேட அதிகாரம் தரும் பங்கை) வைத்திருக்கும் திறைசேரிச் செயலாளரின் சம்மதம் தேவை.

“கந்தப்பளையில் ஸ்டோரை ஹோட்டலாக்கவில்லையா, ஹந்தானையில் மியூசியமாக்கவில்லையா?” என்று வீட்டுக்காரர் கேட்பார். ஆக்கினார்கள்தான். ஆனால் ஒரு கட்டிடத்தை ஒரு நிறுவனம் நடத்துவது வேறு, அதை ஆறாக அறுத்து ஆளுக்கொன்றாக எழுதித் தருவது வேறு.

எல்லா ஸ்டோரும் அரசு காணியில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 50 ஏக்கருக்குள் தனியாரிடம் மிஞ்சியவை உண்டு, கொழுந்து வாங்கி அரைக்கிற தனியார் தொழிற்சாலைகளும் உண்டு. உங்களுடையது அப்படியா என்பதைத் தோட்டத்து ஆளின் பேச்சை வைத்தோ வீட்டுக்காரரின் பேச்சை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்காரருடைய காணி உறுதியின் (பத்திரத்தின்) இலக்கத்தைக் கேளுங்கள். அதை ஒரு நொத்தாரிசிடம் (உறுதி எழுதுபவரிடம்) கொடுத்து, நுவரெலியா காணிப் பதிவகத்தில் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். உறுதியைக் காட்ட மறுத்தால் அதுவே பதில்.

தனியார் காணி என்று தெரிந்தாலும் மேல்மாடியை மட்டும் தனியாக வாங்க இன்னொரு படி இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி கூட்டாதன வரைபடம் (ஒவ்வொரு வீட்டையும் பொது இடங்களையும் பிரித்துக் காட்டும் வரைபடம்) பதிவானால்தான் உங்கள் வீடு சட்டத்தின் கண்ணில் ஒரு தனிச் சொத்து. படிக்கட்டு, கூரை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் உங்களுக்குள்ள பங்கும் அதில்தான் வருகிறது. அது இல்லாமல் வாங்கினால், தகரக் கூரை ஒழுகினால் யார் செலவு என்பதற்கே ஆறு குடும்பமும் சண்டை பிடிக்கும். அந்தப் பதிவுக்குக் கட்டிடத்தின் சி.ஓ.சி. (அனுமதித்தபடி கட்டியிருக்கிறது என்ற சான்றிதழ்) வேண்டும். தொழிற்சாலை என்று அனுமதி பெற்ற கட்டிடத்தைக் குடியிருப்பாக்க, பிரதேச சபையோ நகர சபையோ அனுமதித்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படங்களில் மின்சாரப் பட்டியல் ஒன்று இருந்தது. ஆறு வீட்டுக்கும் ஒரே மீட்டர், வகை ‘கைத்தொழில்’. பாவனை மாற்றத்தை யாரும் முறைப்படி செய்யவில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. நுவரெலியா மாவட்டத்தில் கட்டிட வேலைக்கு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் தேவை. அதைக் கடதாசி வேலை என்று நினைக்காதீர்கள், பிள்ளையை வைத்துக்கொண்டு சரிவில் இருக்கிறீர்கள்.

சரி, காசு. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனையும், விற்பதாகச் சொல்லும் உடன்படிக்கையும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். எத்தனை முத்திரை ஒட்டினாலும் உங்கள் தாள் அதற்கு ஈடாகாது. வீட்டை எழுதித் தா என்று அதை வைத்து வழக்குப் போட முடியாது. ஆனால் காசு வாங்கினார் என்பதற்கு அது நல்ல சாட்சி. சொன்னதை எழுதித் தரும் உரிமையே அவருக்கு இல்லை என்று பதிவகத் தேடலில் வந்தால், 18 இலட்சத்தையும் திருப்பிக் கேட்பதற்கு அதுதான் உங்கள் பெரிய பலம். சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள், தராவிட்டால் மாவட்ட நீதிமன்றம். இப்படியான கோரிக்கைக்குக் காலவரையறை மூன்று வருடம் என்று எண்ணிக்கொண்டு நடங்கள், இழுத்தடிக்க விடாதீர்கள். உரிமை இல்லையென்று தெரிந்தே வாங்கியிருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் பொலிஸ் முறைப்பாடும் செய்யலாம். அதை மிரட்டலாகப் பாவித்துப் பேரம் பேச மட்டும் போக வேண்டாம்.

காலி பண்ணச் சொல்வதைப் பற்றி: மாத வாடகைக்காரருக்கு ஒரு முழு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும், அதன் பிறகும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றினாலோ தண்ணீரை வெட்டினாலோ உடனே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். பலாத்காரமாக வெளியேற்றப்பட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆரம்ப நீதிமன்றத்தில், அந்த நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போட வேண்டும். வாடகையை வங்கி வழியாகவே கட்டிக்கொண்டிருங்கள்.

இந்தப் பாதுகாப்பு வீட்டுக்காரருக்கு எதிராக மட்டும்தான். காணி அரசினுடையதானால், 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி (உடைமை மீட்பு) சட்டத்தின்படி முப்பது நாளுக்குக் குறையாத அறிவித்தல் வரலாம். அந்த வழக்கில் அரசு தந்த எழுத்து அனுமதி உங்களிடம் இருக்கிறதா என்பதை மட்டுமே நீதவான் பார்ப்பார். இவர் தந்த தாள் அங்கே செல்லாது. ஆகவே இப்போதிருந்தே வேறு வாடகை வீடு பாருங்கள்.

மற்ற ஐந்து குடும்பங்களையும் கூட்டிப் பேசுங்கள். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். அப்புறம், “இதை மாற்றிப் புதிதாக எழுதித் தருகிறேன்” என்று அவர் கேட்டு வருவார், அநேகமாக வருவார். தாளின் மூலப்பிரதியை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். போட்டோ கொப்பி போதும்.