டிராக்குக்குப் போகும் சின்ன வண்டி: குமரி மாவட்டத்துக்காரர்களின் கேள்வி பதில்

நமக்குப் பக்கத்து கார் பந்தய டிராக் என்றால் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. அதை விட்டால் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை. நாகர்கோவிலிலிருந்து முதலாவது நானூறு கிலோமீட்டருக்கு மேல், இரண்டாவது ஏறக்குறைய எழுநூறு. நம்மில் பலரும் வண்டியை லாரியில் ஏற்றிப் போவதில்லை. ஓட்டிக்கொண்டு போய், டிராக்கில் ஓட்டி, அதே வண்டியில் வீடு திரும்பி, திங்கட்கிழமை வேலைக்கும் அதிலேயே போகிறோம். பதில்கள் எல்லாம் அதை மனதில் வைத்துத்தான்.

தக்கலை: அண்ணே, கையில 2017 ஸ்விஃப்ட் பெட்ரோல். முதல் தடவையா கரிக்குப் போறேன். செலவுக்கு இருபதாயிரம் ஒதுக்கியிருக்கேன். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் மாத்தட்டுமா?

ரெண்டையும் தொட வேண்டாம் தம்பி. முதல் காசு பிரேக் ஆயிலுக்கு, அடுத்தது முன் சக்கர பிரேக் பேடுக்கு, அதற்கடுத்தது டயருக்கு. மிச்சம் இருந்தால் பெட்ரோலுக்கு வையுங்க.

காரணம் சொல்கிறேன். ஆளோடு சேர்த்து உங்க வண்டி ஒரு டன். 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 50-க்கு ஒரே மிதியில் இறக்கினால், பிரேக்கில் உண்டாகும் சூடு ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். ஒரு மிதிக்கு அவ்வளவு. அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது முன் டிஸ்க் ரெண்டும்தான். ரோட்டில் இப்படி மிதிப்பது எப்போதாவது ஒரு தடவை. டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் சில தடவை, பதினைந்து நிமிஷம் விடாமல். டிஸ்க் ஆறவே நேரம் கிடைக்காது. இன்ஜினில் ஐந்து குதிரை சக்தி கூடினால் அந்தச் சூடும் கூடத்தான் செய்யும், குறையாது.

குளச்சல்: பிரேக் ஆயில் போன வருஷம்தான் மாத்தினேன், கலர் நல்லாத்தான் இருக்கு. திரும்பவும் மாத்தணுமா?

மாத்தணும். கலரைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் பிரேக் ஆயில் டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் உள்ளே போகும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ரெண்டையும் வாங்குகிற ஊர் நம்முடையது. மழை இல்லாத மாதத்திலும் கடற்காற்றில் ஈரம் உண்டு. மற்ற ஊரில் ரெண்டு வருஷம் தாங்குவதை இங்கே நம்ப முடியாது.

டாட் (DOT) என்பது பாட்டிலில் போட்டிருக்கும் பிரேக் ஆயில் தரம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் 3.7 சதவீதம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். டாட் 3-க்கு இதே கணக்கு 205, 140. டாட் 5.1-க்கு 260, 180. டிராக்கில், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் சூடு 155-ஐச் சுலபமாகத் தாண்டும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால்தான் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. போவதற்கு முந்தின வாரம் புது டாட் 4 அல்லது 5.1 ஊற்றுங்க. டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கான் ஆயில். அதை மற்றதோடு கலக்கவே கூடாது.

குளச்சல் (அவரே): வீட்டிலேயே ஏர் எடுக்க முடியுமா?

ஏர் எடுப்பது என்றால் பிரேக் குழாயிலிருக்கும் காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றுவது. ரெண்டு ஆள் இருந்தால் முடியும். சமதரையில் நிறுத்தி, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான் சக்கரத்தைக் கழற்றணும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை நீட்ட வேண்டாம். டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுங்க. நம்ம வண்டிகளில் பெடல் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் அதற்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். வண்டிப் புத்தகத்தில் வேறு வரிசை போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்க.

சக்கர பிரேக்கில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகுதான் நிப்பிள். அதில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கிவிடுங்க. உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக அமுக்கிப் பிடிக்கணும். நிப்பிளைக் கால் சுற்று திறக்கணும். பெடல் கீழே போனதும் முதலில் நிப்பிளை மூடணும், அதற்கப்புறம்தான் அவர் காலை எடுக்கணும். இது மாறினால் காற்று உள்ளே போய்விடும். பின் சக்கரத்துக்கு 200 மில்லி, முன் சக்கரத்துக்கு 150 மில்லி வெளியே வந்தால் போதும். ஒரு லிட்டர் பாட்டில் தாராளம். டப்பாவில் அளவு மினிமத்துக்குக் கீழே போகாமல் இடையிடையே ஊற்றணும். திறந்த பாட்டிலில் மிஞ்சியதை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்க வேண்டாம். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்க.

கடற்கரை வண்டி என்பதால் இன்னொன்று. நிப்பிள் துருவில் இறுகியிருக்கும். முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற வையுங்க. ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும், ஆறு பக்க சாக்கெட்தான் போடணும். திறக்கும் முன்னால் இறுக்கும் திசையில் ஒரு துளி அசைத்துப் பாருங்க. துரு விடும் சத்தம் கேட்டபிறகு திறந்தால் உடையாது. அப்படியும் அசையாவிட்டால் பலம் போட வேண்டாம். ஒடிந்த நிப்பிளோடு காலிப்பரையே மாற்ற வேண்டிவரும்.

மணக்குடி: வலது முன்சக்கரத்தில் உள்பக்கப் பேடு மட்டும் தேயுது. வெளிப்பக்கம் புதுசு மாதிரியே இருக்கு. பேடு மட்டும் மாத்தினா போதுமா?

போதாது. காலிப்பர் வழுக்கி நகர்கிற கம்பி, அதாவது 'பின்', இறுகிப் போயிருக்கு. பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளும்போது காலிப்பர் பின்னில் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பேடையும் இழுக்கணும். உப்புக்காற்றில் பின் துருப்பிடித்தால் அது வழுக்காது, ஒரு பேடு மட்டும் வேலை செய்யும். ரோட்டில் இது தெரியாது. டிராக்கில் அந்தச் சக்கரம் மட்டும் சூடேறி, மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பின் ரெண்டையும் உருவி, துரு இருந்தால் நைஸ் எமரியால் துடையுங்க. குழி விழுந்திருந்தால் புதுசு போடுங்க, விலை பெரிதில்லை. ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றணும். சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும்தான் போடணும். பேரிங் கிரீஸ் போட்டால் உறை ஊதி, பின் மறுபடியும் இறுகும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்யணும்.

பேடு கனம் 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம். பேடு மெலிந்தால் சூடு நேராக ஆயிலுக்குப் போகும். டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்க.

மார்த்தாண்டம்: புதுப் பேடு போட்டேன். அப்படியே டிராக்கில் ஏத்தலாமா?

கூடாது. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகணும். விடியற்காலையில் ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில் 80-லிருந்து 20 வரைக்கும் எட்டுப் பத்துத் தடவை இறக்குங்க. முழுதாக நிறுத்த வேண்டாம். அப்புறம் பத்து நிமிஷம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்க. சூடாக இருக்கையில் பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் பொருள் அந்த ஒரே இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிவிடும். பிறகு மிதிக்கும்போதெல்லாம் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று நினைத்து மாற்றுகிறார்கள், பல சமயம் காரணம் இந்த ஒட்டல்தான்.

கருங்கல்: டிராக்கில் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன கோளாறு என்று எப்படித் தெரியும், அண்ணா?

காலுக்கே தெரியும் தங்கச்சி. பெடல் மெத்தென்று கீழே போனால் ஆயில் கொதித்திருக்கு. ரெண்டு மூன்று தடவை வேகமாக மிதித்துப் பெடலை மேலே கொண்டுவந்து, கியர் குறைத்து, கையை வெளியே காட்டிவிட்டு, டிராக்கை விட்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு உள்ளே வாங்க. அன்றைக்கு ஏர் எடுக்காமல் திரும்ப ஏறக்கூடாது. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு அதன் சூட்டு வரம்பைத் தாண்டியிருக்கு. மெதுவாக ஒரு சுற்று ஓட்டினால் அது திரும்பும், ஆனால் அந்தப் பேடு உங்க வேகத்துக்குப் போதாது.

ரெண்டுக்கும் மருந்து ஒன்றே: தொடக்கத்தில் நாலைந்து வேகச் சுற்றுக்கு மேல் போகாமல், ஒரு சுற்று ஆறவிட்டு உள்ளே வருவது. உள்ளே வந்ததும் ஹேண்ட்பிரேக் இழுக்க வேண்டாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்க.

கருங்கல் (அவரே): பைக் ஹெல்மெட் போதுமா? வேறென்ன வேணும்?

நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்க. முழு முகம் மூடும் ஹெல்மெட் கட்டாயம். ஸ்னெல் எஸ்.ஏ. முத்திரை உள்ளது கார் ஓட்டத்துக்கென்றே செய்தது, உள்துணி தீயைத் தாங்கும். எம். முத்திரை பைக்குக்கானது, அதற்குத் தீச்சோதனை இல்லை. பருத்தியில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட், மெல்லிய அடியுள்ள மூடிய ஷூ. நைலான் உடை வேண்டாம், சூட்டில் உருகித் தோலில் ஒட்டும்.

வண்டிக்குள் தரை விரிப்பு, தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கிவிடுங்க. உருண்டு வந்து பெடலுக்கு அடியில் சிக்கும் பாட்டில் ஒன்று போதும், ஆபத்துக்கு. பேட்டரி கிளாம்பை ஆட்டிப் பாருங்க. கட்டி இழுக்கும் கொக்கியை முன்னால் திருகி வையுங்க.

நாகர்கோவில்: போலோ ஜிடி டிஎஸ்ஐ வச்சிருக்கேன். ஆயில், கியர்பாக்ஸ் பத்திச் சொல்லுங்க.

ஆயில் அளவு மேல் கோட்டை ஒட்டி இருக்கணும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். மேல் கோட்டைத் தாண்டியும் ஊற்றக் கூடாது. இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரைக்கும், நுரை பேரிங்கைக் காக்காது. உங்க வண்டிப் புத்தகம் சொல்லும் தர எண் உள்ள ஆயிலையே போடுங்க. ரெண்டு டிராக் நாள் ஆனதும் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிடுங்க. பெட்ரோலும் அப்படித்தான், டேங்க் பாதிக்குக் கீழே போனால் வளைவில் இன்ஜின் தடுமாறும்.

உங்க ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இருப்பது உலர்ந்த கிளட்ச். ஆயில் அதைக் குளிரவைக்காது. ஓடும்போது பெரிய தொல்லை இல்லை. வரிசையில் அரை அடி அரை அடியாக ஊர்வதும், நின்ற இடத்திலிருந்து திரும்பத் திரும்ப முழு வேகத்தில் கிளப்புவதும்தான் அதைக் கருக்கும். உள்ளே வந்ததும் டர்போ ஆற ஒன்றிரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டு, பிறகு அணையுங்க.

ராஜாக்கமங்கலம்: வெயிலில் டெம்பரேச்சர் ஏறுது. கூலன்ட் நிறையத்தான் இருக்கு.

ரேடியேட்டருக்கும் முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் டார்ச் அடித்துப் பாருங்க. உப்பில் அலுமினியத் தகடுகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தால் காற்று போனாலும் சூடு இறங்காது, மாற்றத்தான் வேணும். மணலும் பூச்சியும் அடைத்திருந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்க. வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் தகடு மடங்கிவிடும். மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்க. மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

குலசேகரம்: ஸ்பிரிங்கை ரெண்டு சுற்று வெட்டினால் வளைவில் நல்லா நிக்கும்னு சொல்றாங்க.

வெட்டாதீங்க. சக்கரம் தொங்கும்போது வெட்டின ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவும், ஷாக் அடியில் இடித்து எண்ணெய் கசியும். வளைவில் பிடி வேணும் என்றால் நல்ல டயர், தேயாத ரப்பர் புஷ், முன்னால் கேம்பர் போல்ட். அந்த போல்ட்டில் ஒன்றரை டிகிரி வரை நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை உள்பக்கம் சாய்வது) எடுக்கலாம். கேம்பர் மாற்றினால் டோவும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும், கையோடு அலைன்மென்ட் பார்த்து டோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாங்க. டயரின் உள்விளிம்பைத் தின்பது பெரும்பாலும் டோதான்.

ஆரல்வாய்மொழி: போகும் முன்னால் நாலுவழிச் சாலையில் ஒரு தடவை முழு வேகம் பார்த்துக்கலாமா?

வேண்டாம். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று பக்கவாட்டில் அடிக்கையில் லேசான வண்டி ஒரு முழம் விலகும், எதிரே ஆடும் மாடும் ஆளும் வரும். பொது ரோட்டில் பந்தயமும் வேகச் சோதனையும் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் வரை அபராதம், அல்லது ரெண்டும். வண்டியின் வேகத்தைப் பார்க்கத்தானே டிராக்குக்குப் போகிறீங்க.

தோவாளை: டிராக்கில் இடிச்சா இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்க. பந்தயமும் வேகச் சோதனையும் பாலிசியின் பயன்பாட்டு வரம்புக்கு வெளியே என்று எழுதியிருக்கும். இடித்தால் கையிலிருந்து போட முடிகிற வண்டியை மட்டும் கொண்டுபோங்க.

கொட்டாரம்: டயரில் காத்து எவ்வளவு? வீல் நட் எவ்வளவு இறுக்கணும்?

முதலில் டயரின் வயது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருஷம் 23-ஆம் வாரம். ஐந்து வருஷம் தாண்டியதும், பக்கத்தில் வெடிப்பு விட்டதும் வேண்டாம்.

காற்று: வண்டிக் கதவில் போட்டிருக்கும் அளவிலேயே தொடங்குங்க. ஓடினால் 6 முதல் 8 பி.எஸ்.ஐ. ஏறும். முன்சக்கரம் இழுக்கும் சின்ன வண்டிக்குச் சூட்டில் 34 முதல் 36 வரை வைத்துப் பார்க்கலாம். டயரின் தோளில் சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டுங்க. பக்கச்சுவர் வரைக்கும் சாக் அழிந்திருந்தால் காற்று குறைவு, தோளுக்கே வராமல் நின்றிருந்தால் அதிகம். உள்ளே வந்த உடனே, சூடு ஆறும் முன்னால் அளக்கணும். சொந்தமாக ஒரு கேஜ் வையுங்க, கடைக்குக் கடை அளவு மாறும்.

நட் இறுக்க டார்க் ரென்ச் வேணும். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர், ஹோண்டா சிட்டிக்கு 108, இப்போதைய ஹூண்டாய் பலவற்றுக்கு 107 முதல் 127. மற்றதற்கு வண்டிப் புத்தகம். மரையில் எண்ணெய் போட வேண்டாம், அளவு தப்பும். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் திரும்ப ஒரு தடவை இறுக்கிப் பாருங்க.

கொட்டாரம் (அவரே): அன்னைக்கு ராத்திரியே திரும்பலாமா?

உடம்புக்கு முடிந்தால் திரும்பலாம். ஆனால் கிளம்பும் முன்னால் அரை மணி நேரம் வண்டிக்குக் கொடுங்க. டிராக்கில் சூட்டில் குறைத்த காற்று ஆறினால் 27, 28-க்கு இறங்கியிருக்கும். அதோடு ஹைவேயில் போனால் டயர் சூடேறி வெடிக்கலாம். ஆறின டயரில் கதவில் போட்டிருக்கும் அளவுக்குத் திரும்பக் காற்று அடியுங்க. பேடு மீதி கனம், ஆயில் அளவு, கூலன்ட் அளவு பாருங்க. சக்கரத்தின் உள்பக்கம் கை விட்டுத் தடவி, வெட்டு, கண்ணாடித் துண்டு, கிரீஸ் ஈரம் இருக்கா என்று பாருங்க. கிரீஸ் தெறித்திருந்தால் ஆக்சில் ரப்பர் உறை கிழிந்திருக்கு. அந்த நிலையில் மெதுவாகப் போய்ச் சேரலாம், வீட்டுக்கு வந்த மறுநாளே உறையை மாற்றிவிடணும். இறக்கி வைத்த ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் மறக்காமல் ஏற்றுங்க.