"பாப்" சத்தம் ஏன் வரவில்லை? ஹைட்ரஜன் சோதனை பற்றிக் கேள்வி பதில்

பள்ளி ஆய்வகத்தில் பல வருடம் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவி: சார், ஜிங்க் துண்டுகள் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினோம். குமிழி நன்றாக வந்தது. எரியும் குச்சியைச் சோதனைக்குழாய்க்குள் விட்டால் சத்தமே இல்லை, குச்சி அணைந்துவிட்டது. அப்போ அது ஹைட்ரஜன் இல்லையா?

ஹைட்ரஜனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டு, ஹைட்ரஜன் என்றாலே சத்தம் வரும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். சத்தம் வர ஹைட்ரஜனோடு காற்றும் கலந்திருக்க வேண்டும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் இருந்தால் கலவை தீப்பிடிக்கும். 30 சதவீதத்தை ஒட்டி இருந்தால் வெடிப்பு பலமாக இருக்கும். குழாய் முழுக்கச் சுத்தமான ஹைட்ரஜன் என்றால், காற்றைத் தொடும் வாய்ப்பகுதியில் மட்டும் அமைதியாக எரியும். அந்தச் சுடர் வெளிர் நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் குச்சி அணைந்திருக்கும்.

அடுத்த முறை குச்சியை உள்ளே விடாதே. குழாயின் வாயைக் கட்டைவிரலால் லேசாக மூடிவை. சில நொடி கழித்து, சுடரை வாயருகே கொண்டுவந்து விரலை எடு. முகம் தள்ளி இருக்கட்டும், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

இன்னொன்று: ஹைட்ரஜன் சுத்தமாக வருகிறதா என்று பார்க்கவும் இதே சோதனைதான். வாயுவைச் சிறுகுழாய்களில் பிடித்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்துப் பார்ப்பார்கள். முதலில் வருபவை "பாப்" என்று வெடிக்கும். சத்தமில்லாமல் எரிந்தால் உள்ளிருந்த காற்று வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு மாணவர்: குடுவையிலிருந்து வாயு வெளிவரும் போக்குக்குழாயைச் சோப்புக் கரைசலில் விடச் சொல்கிறார்கள். நேராகக் குழாய் முனையிலேயே தீ வைத்தால் என்ன?

வைக்கவே கூடாது! குடுவைக்குள் காற்று கலந்திருந்தால் தீ குழாய் வழியாக உள்ளே ஓடி, குடுவை சிதறும். சோப்புக் குமிழிக்குள் இருப்பது கொஞ்சம் வாயுதான். அதைக் குடுவையிலிருந்து தள்ளி எடுத்துப்போய் மெழுகுவத்தியில் காட்டலாம்.

ஒரு ஆசிரியை: புதிதாக வாங்கிய சுத்தமான ஜிங்கில் குமிழி மிக மெதுவாக வருகிறதே?

சுத்தம்தான் காரணம். இரண்டு சொட்டு காப்பர் சல்பேட் கரைசல் விடுங்கள். ஜிங்க் மேல் செம்பு படியும், இரண்டும் சேர்ந்து குட்டி மின்கலம் போலாகி, செம்பின் மேல் ஹைட்ரஜன் வேகமாக வெளிவரும். நிறைய விட்டால் செம்பு மொத்தமாக மூடிக் காரியம் கெடும்.

ஜிங்குக்குப் பதில் இரும்பு ஆணி போட்டால்?

வரும், ஆனால் மெதுவாக. துரு இல்லாத ஆணியாகப் பாருங்கள். 1783இல் பாரிஸில் ழாக் சார்ல் பறக்கவிட்ட பலூனுக்கே இரும்பும் கந்தக அமிலமும்தான் ஹைட்ரஜன் கொடுத்தன. நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜனுடையது இல்லை, அதற்கு மணமே கிடையாது. உலோகத்தில் இருக்கும் சல்பைடு போன்ற மாசுகளின் வேலை அது. நைட்ரிக் அமிலம் மட்டும் வேண்டாம். பெரும்பாலும் ஹைட்ரஜனுக்குப் பதில் நைட்ரஜன் ஆக்சைடுகள்தான் வரும்.

ஒரு அம்மா: கழிவறை கழுவும் அமிலத்தையும் அலுமினியத் தாளையும் பாட்டிலில் போட்டு மூடும் வீடியோவைப் பையன் காட்டுகிறான். வீட்டில் செய்யலாமா?

வேண்டாம்மா. கலவை சூடேறி, அழுத்தம் கூடி, பாட்டில் வெடித்து அமிலம் தெறிக்கும். ஆசைப்பட்டால் மின்னாற்பகுப்பு (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பது) காட்டுங்கள்: தண்ணீரில் கொஞ்சம் சலவைச் சோடா, 9 வோல்ட் பேட்டரி, இரு முனையும் சீவிய இரண்டு பென்சில். எதிர்மின்முனையில் (−) வருவது ஹைட்ரஜன், நேர்மின்முனையில் (+) ஆக்சிஜன். சோடாவுக்குப் பதில் உப்பு போட்டால் குளோரின் வரும், போடாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். வாயுவைப் பிடித்துப் பற்றவைப்பதைப் பள்ளி ஆய்வகத்துக்கு விட்டுவிடலாம்.

இன்வெர்ட்டர் பேட்டரியிலும் ஹைட்ரஜன் வருமாமே?

தண்ணீர் ஊற்றும் வகை என்றால் சார்ஜ் ஏறும்போது வரும், ஆக்சிஜனும் கூடவே. அதனால் அலமாரிக்குள் அடைத்துவைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தண்ணீர் அளவு பார்க்க டார்ச் அடியுங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள்.