கொத்தமல்லிக்கு ட்யூப்லைட் போதுமா?

கேள்வி: எங்கள் ஃபிளாட்டில் வெயிலே விழாது. சமையலறையில் கொத்தமல்லி, புதினா வளர்க்க ஆசை. செடி விளக்கு விலை கட்டுப்படியாகவில்லை. சாதாரண ட்யூப்லைட் போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். இலைக்காக வளர்ப்பவற்றுக்கு அந்த ஊதா நிறச் செடி விளக்கெல்லாம் வேண்டாம். கடையில் ‘கூல் டேலைட்’ என்று கேட்டு, உறையில் 6500 கே (ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவு) என்று போட்டிருக்கிறதா பார்த்து, நாலடி 36 வாட் ட்யூப் இரண்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். நிறையப் பேர் கோட்டை விடுவது உயரத்தில்தான். கூரையில் மாட்டினால் நாற்று வெளிறி, நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும், அதனால் செடிக்கு ஒரு சாண் மேலே சங்கிலியில் தொங்கவிட்டு, வளர வளர ஏற்றுங்கள். தினமும் 14 மணி நேரம் எரியட்டும், சுமார் ஒரு யூனிட் ஆகும். அப்புறம், ட்யூப் முனை கறுத்தால் மாற்றிவிடுங்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது, உடைத்துக் குப்பையில் போடாதீர்கள்.