இடம் கிடைத்தது, உதவித்தொகை போதவில்லை: ஏர்லி டிசிஷனிலிருந்து விலக முடியுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் சிறுதொழில் செய்கிறேன்; கிரீன் கார்டு உண்டு. 17 வயது மகளுக்கு ஏர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வோம் என்று ஒப்பந்தம் போட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) 2026 சேர்க்கை உறுதியாகிவிட்டது. உதவித்தொகை போக நாங்கள் கட்ட வேண்டியது ஆண்டுக்கு 31,000 டாலர் என்றது கல்லூரியின் இணையக் கால்குலேட்டர். இப்போது வந்த உதவித்தொகைக் கடிதம் 52,000 கேட்கிறது. பள்ளி கவுன்சலர் அவசரப்படுத்தி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். மைனர் கையெழுத்து செல்லாது என்கிறார் மைத்துனர். என்ன செய்வது?

பதில்: கவுன்சலர் மீதான கோபத்தை விடுங்கள். கால்குலேட்டர் தருவது உத்தேசக் கணக்கு மட்டுமே. சொந்தத் தொழில் உள்ளவர்களுக்கு அது அடிக்கடி தவறும். மைனர் வாதமும் உதவாது. ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. தவிர, கல்லூரி கோர்ட்டுக்குப் போகாது. இடத்தை ரத்து செய்யும், மற்றக் கல்லூரிகளுக்கும் தெரிவிக்கலாம்.

ஒப்பந்தப்படி முக்கியமானது ஒன்றுதான்: விண்ணப்பத்தோடு நிதியுதவி கேட்டீர்களா? கேட்டும் படிக்க முடியும் அளவுக்குக் கிடைக்காவிட்டால் விலகலாம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. கேட்காதவர்களுக்கு இந்த வழி கிடையாது. உங்களுக்கு உதவித்தொகைக் கடிதமே வந்திருக்கிறது, அதாவது கேட்டிருக்கிறீர்கள், ஆகவே வழி இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் இனி உங்கள் வேலை.

பலர் கெடுத்துக்கொள்வது இடத்தை உறுதிசெய்யக் கட்டும் டெபாசிட்டில். இடம் போய்விடுமோ என்று பயந்து கட்டிவிட்டு, பிறகு "முடியாது" என்றால் யார் நம்புவார்கள்? உதவித்தொகையைக் கூட்டும்படி கல்லூரியிடம் அப்பீல் செய்யுங்கள்; அது முடியும்வரை டெபாசிட் கட்டாதீர்கள். டெபாசிட் கெடுவை நீட்டிக்கும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். மற்றக் கல்லூரி விண்ணப்பங்களை உதவித்தொகை முடிவு வரும்வரை திரும்பப் பெற வேண்டியதில்லை. உங்களுக்கு முடிவு வந்துவிட்டதால், அப்பீல் முடியும்வரை அவை நிற்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். விடுவிப்பு கிடைக்கும் முன் புதிதாக விண்ணப்பிப்பது ஒப்பந்த மீறல். பல கல்லூரிகளின் ரெகுலர் (வழக்கமான சுற்று) விண்ணப்பக் கெடுவோ ஜனவரி 1 முதல் 5க்குள் முடிகிறது. அதனால் அப்பீல் இந்த வாரமே போக வேண்டும்.

அப்பீலில் "வேறு கல்லூரி மலிவு" என்று எழுதாதீர்கள், அது விலகக் காரணமாகாது. உங்களால் கட்ட முடிந்த தொகையை ஒரே எண்ணாகச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்தது 2024 வரிக்கணக்கு. 2025இல் வருமானம் குறைந்திருந்தால் லாப நட்டக் கணக்கைக் கொடுங்கள். ஷெட்யூல் சி-யில் (சொந்தத் தொழில் வருமானத்துக்கான வரிப் படிவம்) நீங்கள் கழித்த தேய்மானத்தைப் பல கல்லூரிகள் வருமானத்தில் திரும்பச் சேர்த்துவிடும். அது கையில் வந்த காசு அல்ல என்று விளக்குங்கள். ஊரில் வீடு, நிலம் இருந்தால் சிஎஸ்எஸ் புரொஃபைலில் (பல தனியார் கல்லூரிகள் கேட்கும் நிதியுதவிப் படிவம்) காட்டியிருக்க வேண்டும். விட்டிருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே திருத்துங்கள். ஃபாஃப்சாவில் (மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பம்) தெரிந்தே பொய் சொன்னால் 20,000 டாலர் வரை அபராதம், சிறையும் உண்டு.

கடிதத்தில் கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத உதவி) எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கு (பெற்றோருக்கு மத்திய அரசு தரும் கல்விக் கடன்), ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர்தான் உச்சவரம்பு. மூன்று ஆண்டு முழுதாக வாங்கினால் நான்காம் ஆண்டுக்கு 5,000தான் மிஞ்சும். உங்கள் பற்றாக்குறையோ ஆண்டுக்கு 21,000, நான்கு ஆண்டில் 84,000.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: அப்பீலில் நீங்கள் கேட்ட எண்ணுக்கு அருகில் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், மேலும் பேரம் பேசாதீர்கள். வராவிட்டால் அன்றே ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பு கேளுங்கள். அது எழுத்தில் கைக்கு வரும்வரை வேறெங்கும் பணம் கட்டாதீர்கள்.